சிகிச்சையில் தவறு நடந்ததா? முதலில் கேஸ் ஷீட்டைக் கையில் வாங்குங்கள்

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் என் சித்திக்குச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதத்தில் வலி முற்றி வேறு டாக்டரிடம் ஓடினோம். "உள்ளே என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். எங்கள் கையில் இருந்தது பில்லும் ஒரு தாள் டிஸ்சார்ஜ் சம்மரியும்தான். அன்று வழி தெரியாமல் திணறியதால் இதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை, சண்டை போடாமல் எழுதிக் கேட்பது. கேஸ் ஷீட் (நோயாளிக்கு என்ன சிகிச்சை செய்தார்கள் என்று மருத்துவமனை எழுதி வைக்கும் பதிவு), ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் சார்ட், லேப் ரிப்போர்ட், நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும் என்று வெள்ளைத்தாளில் எழுதுங்கள். இன்னொரு பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. "அதெல்லாம் வெளியே தர மாட்டோம்" என்று ரிசப்ஷனில் சொன்னால் நம்பித் திரும்பிவிடாதீர்கள்.

அப்புறம் அந்தக் கட்டோடு அதே துறை டாக்டர் ஒருவரைப் பாருங்கள். முடிந்தால் அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். இந்தப் படியை மட்டும் தாண்டவே கூடாது. குணமாகாததெல்லாம் கவனக்குறைவு ஆகாது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள டாக்டர் எடுக்கும் கவனம் இங்கே தவறியதா என்பதுதான் கேள்வி. வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்திருந்தால் அது தவறு. முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கிய பக்கவிளைவு வந்தால் அது வேறு.

காசு கட்டிய சிகிச்சை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த வழி இது. மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. கெடு 2 வருடம், தள்ளிப்போடாதீர்கள். எல்லோருக்கும் முழு இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு இது பொருந்தாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். டாக்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமானால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இருக்கிறது. கிரிமினல் கேஸுக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தீர்ப்பானது.

வக்கீலுக்குப் பணமில்லையா? சேலத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், நம் சேர்வராயன் மலையாளி மக்கள் உள்பட பழங்குடியினருக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். சித்தியும் அங்கேதான் மனு கொடுத்தார்.