ஸ்காட்ஸ்-ஐரிஷ் வரலாறு: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் பெயரிலேயே இருக்கிறது. 'ஸ்காட்ஸ்-ஐரிஷ்' என்றதும் அப்பா ஸ்காட்லாந்து, அம்மா அயர்லாந்து என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 1609 வாக்கில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆட்சி, வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் கத்தோலிக்கர்களிடமிருந்து பறித்த நிலத்தில் ஸ்காட்லாந்துத் தாழ்நிலத்தாரையும் வட இங்கிலாந்துக்காரர்களையும் குடியேற்றத் தொடங்கியது. ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையினர். சில தலைமுறைகள் அங்கே வாழ்ந்துவிட்டு, 1718 முதல் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள்தான் இவர்கள்.

மத ஒடுக்குமுறை தாங்காமல் ஓடிவந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள் சிலர். அதுவும் ஒரு காரணம்தான். அரசின் சபையான ஆங்கிலிக்கன் சபையில் நற்கருணை வாங்காதவருக்கு அரசுப் பதவி கிடையாது என்று 1704-இல் சட்டம் வந்தது. ஆனால் ஏறிக்கொண்டே போன குத்தகையும், பொய்த்த விளைச்சலும், படுத்துவிட்ட லினன் துணி வியாபாரமும் அதைவிடப் பலமாகத் தள்ளின.

வந்த இடத்தில் எல்லோரும் இவர்களை 'ஐரிஷ்' என்றே கூப்பிட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் லண்டன்டெரி ஊரை அமைத்த கூட்டத்தின் பாதிரியார் ஜேம்ஸ் மெக்ரெகர் 1720-இல் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் கோபம் தெரிகிறது: பிரிட்டிஷ் முடிக்காக அயர்லாந்துக் கத்தோலிக்கர்களோடு உயிரைக் கொடுத்துச் சண்டை போட்ட எங்களையா ஐரிஷ் என்கிறீர்கள் என்று கேட்கிறார். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏழைக் கத்தோலிக்கர்கள் வந்து குவிந்த பிறகுதான், நாங்கள் வேறு என்று காட்ட இரட்டைப் பெயர் பரவலாகப் புழங்கியது. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கி எழுதுவது அடுத்த தவறு. நடுவே நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது, மதமும் வேறு.

ஸ்காட்லாந்து என்றதும் கட்டம் போட்ட பாவாடையும் பைப் வாத்தியமும் நினைவுக்கு வருகிறதா? அது மலைநாட்டாருடையது. 1776 பிப்ரவரியில் வட கரோலினாவின் மூர்ஸ் கிரீக் பாலத்தில் அந்த மலைநாட்டார் இங்கிலாந்து மன்னருக்காகப் போரிட்டுத் தோற்றார்கள். அதற்காக அல்ஸ்டர்க்காரர்கள் எல்லோரும் மன்னரை எதிர்த்த அமெரிக்கப் புரட்சிப் பக்கம் என்றும் எழுதிவிடக் கூடாது. பென்சில்வேனியாவில் பெரும்பாலோர் புரட்சிப் பக்கம்தான். கரோலினாவின் உள்நாட்டிலோ பக்கத்து வீட்டுக்காரர்களே எதிரெதிர் அணியில் நின்றார்கள்.

எல்லைக்காட்டு முரடர்கள் என்ற படமும் பாதிதான் சரி. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை 1776 ஜூலை 4 இரவு அச்சடித்த ஜான் டன்லப், அல்ஸ்டரின் ஸ்ட்ரபேன் ஊர்க்காரர். அந்தத் தாளின் அடியில் சாட்சியாகப் பெயர் அச்சான அமெரிக்கக் காங்கிரஸ் செயலாளர் சார்லஸ் தாம்சனும் அல்ஸ்டரில் பிறந்தவர். பிலடெல்பியாவில் மையும் காகிதமுமாக வாழ்ந்த மனிதர்கள்.

மேற்குப் பென்சில்வேனியாவில் சாராய வரியை எதிர்த்து எழுந்த 1794 விஸ்கிக் கலகத்தைக் குடிவெறி என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அது கணக்கு விவகாரம். மலை தாண்டி ஒரு குதிரை 4 புஷல் (ஒரு பழைய தானிய அளவு) ரை தானியம் சுமக்கும். அதையே சாராயமாக்கினால் 24 புஷல் தானியத்தின் மதிப்பு அதே முதுகில் ஏறிவிடும். காசு புழங்காத ஊரில் சாராயம்தான் காசு. அதன்மேல் 1791-இல் வரி போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? கலகத்தில் ஜெர்மானியக் குடியானவர்களும் இருந்தார்கள்.

இனி, பெருமைப் பட்டியல்கள் நைசாகத் தாண்டிப்போகிற இடம். பென்சில்வேனியாவின் செயலாளர் ஜேம்ஸ் லோகன், தானும் அல்ஸ்டரில் பிறந்தவர், இவர்களை வேண்டுமென்றே எல்லையில் குடியமர்த்தினார். பூர்வகுடிகளுக்கும், சண்டை வேண்டாம் என்னும் குவேக்கர் சபையினருக்கும் நடுவே ஒரு வேலிபோல. பிறகு அவரே, இவர்களில் 5 குடும்பம் தரும் தொல்லை மற்றவர்களில் 50 குடும்பம் தருவதைவிட அதிகம் என்று நொந்துகொண்டார். 1763 டிசம்பர் 14 அன்று 'பாக்ஸ்டன் பாய்ஸ்' என்ற கும்பல் பென்சில்வேனியாவின் கொனெஸ்டோகாவில் பூர்வகுடிகள் 6 பேரைக் கொன்றது. கொல்லப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் வெள்ளையரோடு சமாதானமாக வாழ்ந்து, துடைப்பமும் கூடையும் பின்னி விற்றுப் பிழைத்தவர்கள். மிஞ்சிய 14 பேரைப் பாதுகாப்புக்காக லங்காஸ்டர் நகரக் காவல் விடுதியில் வைத்தார்கள். 27-ஆம் தேதி கும்பல் அங்கேயும் புகுந்து, குழந்தைகள் உட்பட அத்தனை பேரையும் வெட்டிச் சாய்த்தது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. எல்லையில் நடந்த தாக்குதல்களில் சொந்தங்களை இழந்த ஆத்திரம் அந்தக் கும்பலுக்கு இருந்தது உண்மை. ஆனால் கொனெஸ்டோகாக்காரர்கள் அதற்கு என்ன செய்வார்கள்?

இதை இரத்தத்தில் வந்த குணம் என்று முடிச்சுப் போடுவதும் தப்பு. பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே விரட்ட வழிசெய்த 1830 சட்டத்தில் கையெழுத்திட்டவர், அல்ஸ்டர்ப் பெற்றோருக்குப் பிறந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன். அதே சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்த டென்னசிக்காரர் டேவி கிராக்கெட்டும் வழக்கமாக ஸ்காட்ஸ்-ஐரிஷ் பட்டியலில்தான் வருகிறார்.

அப்புறம், அமெரிக்க ஜனாதிபதிகளில் எத்தனை பேர் ஸ்காட்ஸ்-ஐரிஷ் வம்சம் என்ற கணக்கு. பன்னிரண்டு என்பார் ஒருவர், பதினேழு என்பார் இன்னொருவர். தாய் வழியில் எங்கோ ஒரு கொள்ளுப்பாட்டி இருந்தாலும் சேர்த்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. பெற்றோரில் ஒருவராவது அல்ஸ்டரில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று பார்த்தால், ஜாக்சன், ஜேம்ஸ் புக்கனன், செஸ்டர் ஆர்தர் ஆகிய மூவரே தேறுகிறார்கள்.