பின்னால் குலுங்குவது முன்னால் தெரியாது: கிப் ரிவர் சாலையில் கேரவன் இழுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் வடமேற்கே, கிம்பர்லி பகுதியை ஊடறுத்துப் போகிறது கிப் ரிவர் சாலை. டெர்பி ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி குனுனுரா, விண்டம் பக்கம் முடியும் இதன் நீளம் ஏறத்தாழ 660 கிலோமீட்டர். பண்ணை மாடுகளை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. இரு முனைகளிலும் கொஞ்ச தூரம் தார் உண்டு. நடுவில் சரளையும் செம்மண்ணும்தான். மே மாதம் பிறந்ததும், பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவியர், படுக்கையும் சமையலறையும் உள்ள இழுவண்டியான கேரவனைத் தங்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இங்கே வரிசை கட்டுகிறார்கள்.

அவர்களில் சிலர் நடுவழியில் அச்சு முறிந்து நிற்பதற்குச் சாலையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பது நல்ல ஸ்பிரிங்கும் மெத்தை இருக்கையும் உள்ள வண்டியில். பின்னால் வரும் கேரவன் படும் பாடு அவர் முதுகுக்கு எட்டுவதில்லை. இந்தப் பயணத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

எண்பதில் போனால் ஆட்டம் தெரியாது என்ற அறிவுரை

மண்சாலையில் வண்டிகள் ஓட ஓட, குறுக்குவாட்டில் வரிவரியாக மேடு விழும். தகரக் கூரையைக் கழற்றித் தரையில் விரித்தது போல இருக்கும். மெதுவாகப் போனால் பல் கிடுகிடுக்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரம் மேட்டுக்கு மேடு தாவி, ஆட்டம் அடங்கிவிடும். அதனால் ‘வேகமாகப் போய்விடு’ என்று ரோட்ஹவுஸ் (எரிபொருளும் சாப்பாடும் கிடைக்கும் வழியோரக் கடை) வாசலில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். தனி வண்டிக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் தாவும் சக்கரம் தரையைத் தொடும் நேரம் குறைவு, அதனால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பாதிதான் வேலை செய்யும். பின்னால் இரண்டரை டன் கேரவன் இருந்தால் கதையே வேறு. அதன் ஸ்பிரிங்குக்குத் தனித் தாளம். முன்வண்டி மிதந்துகொண்டிருக்கும்போது அது அடி வாங்கிக்கொண்டிருக்கும். ஷாக் அப்சார்பரில் உள்ள எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும். பிறகு மொத்த அடியும் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் போய்ச் சேரும்.

இதற்கு மருந்து டயரில் இருக்கிறது. மண்ணில் இறங்குமுன் காற்றை ஏறத்தாழ கால் பங்கு குறைக்க வேண்டும். தாரில் 40 பி.எஸ்.ஐ (டயர் காற்றழுத்த அளவு) வைத்திருந்தால் இங்கே 30 போதும். வண்டிக்குக் குறைத்துவிட்டுக் கேரவன் டயரை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதுவும் குறைய வேண்டும். கூடவே வேகமும் குறைய வேண்டும். காற்று குறைந்த டயரில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கிழியும். மேடு மோசமான இடங்களில் நாற்பது, நல்ல இடங்களில் அறுபது. தார் வந்ததும் காற்றை மறுபடி ஏற்றிக்கொள்ள கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும்.

மணிக்கு ஒரு முறை நிறுத்தி இறங்குங்கள். கேரவன் சக்கரத்தின் நடுப்பகுதியின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பேரிங் போகப் போகிறது என்று பொருள். நட்டுகளை இறுக்குங்கள், குனிந்து அடியில் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

எடை போடாமல் கிளம்புவது

கேரவன் விற்பவர் தாளில் காட்டும் எடை, காலிக் கேரவனின் எடை. தண்ணீர், எரிவாயு, மடக்கு நாற்காலி, கருவிப்பெட்டி, ‘இருக்கட்டும்’ என்று எடுத்து வைத்த இரண்டாவது குக்கர் எல்லாம் அதற்கு மேல். பொது எடைமேடையில் ஒரு தரம் ஏற்றிப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

மொத்த எடையைவிட ஆபத்தானது கொக்கியின் மேல் உட்காரும் எடை. கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அங்கே விழ வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் வழக்கமான கணக்கு. இரண்டரை டன்னுக்கு 250 கிலோ. நெம்புகோல் கணக்குப்படி வண்டியின் பின் அச்சில் இறங்குவது அதைவிடக் கூடுதல். அந்தக் கூடுதல் அளவுக்கு முன் அச்சு லேசாகிவிடும். இரட்டைக் கேபின் யூட் (பின்னால் திறந்த சுமைத்தட்டு உள்ள பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள், பின்தட்டிலும் முட்ட முட்ட ஏற்றி, பின்புறம் தாழ்வதை மறைக்க ஸ்பிரிங்குக்கு நடுவே காற்றுப்பை வேறு வைக்கிறார்கள். பல்லாயிரம் முறை குலுங்கிய பிறகு கேபினுக்குப் பின்னால் சட்டமே வளைந்துபோகிறது. வளைந்த யூட்டைப் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் ஏராளம்.

தண்ணீரை ஒரே தொட்டியில் நம்புவது

கேரவனின் தண்ணீர்த் தொட்டி தரைக்கடியில் தொங்கும். சக்கரம் எறியும் கல் அதன் வடிகுழாயை உடைத்தால் மொத்தத் தண்ணீரும் சத்தமில்லாமல் வழியெல்லாம் ஒழுகிவிடும்; மாலையில் குழாயைத் திறக்கும்போதுதான் தெரியவரும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து லிட்டர், வெயிலில் பத்து என்று கணக்கிட்டு, குடிநீரைக் கேனில் ஊற்றி, இழுக்கும் வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கல் இன்னொரு வேலையும் செய்யும். வண்டியின் பின்சக்கரம் தெறிக்கவிடும் கல், கேரவனின் முன்சட்டத்தில் பட்டுத் திரும்பி வந்து வண்டியின் பின்கண்ணாடியையே உடைக்கும். கண்ணாடிமேல் ஒரு அட்டையை ஒட்டினால் போதும், ஆனால் அதைச் செய்பவர்கள் கொஞ்சம்தான்.

உள்ளே அடுக்குவதிலும் கவனம் வேண்டும். அலுமினிய டின்கள் ஒன்றோடொன்று உரசி ஊசித்துளை விழுந்து ஒழுகும்; இடையில் துணி வையுங்கள். புழுதி வராமலிருக்கக் கீழ்க் காற்றுத்துளைகளை அடைப்பவர்கள், நின்றதும் அவற்றைத் திறக்க மறந்துவிடுகிறார்கள். அந்தத் துளைகள் எரிவாயுக் கசிவு வெளியேறவும், நல்ல காற்று உள்ளே வரவும் வைத்தவை. திறக்காமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

ஆற்றில் இறங்கி ஆழம் பார்ப்பது

ஓடும் நீரைக் கடக்குமுன் நடந்துபோய் ஆழம் பார்க்க வேண்டும் என்று எல்லா ஃபோர்-வீல் டிரைவ் ஓட்டுநர் பயிற்சியிலும் சொல்லித்தருவார்கள். பென்டிகாஸ்ட் ஆற்றில் அதைச் செய்யக் கூடாது. அங்கே உப்புநீர் முதலைகள் உண்டு. கரையில் நின்று இன்னொரு வண்டி கடப்பதைப் பாருங்கள், எதிரே வருபவரிடம் கேளுங்கள், நீர் ஏறியிருந்தால் காத்திருங்கள். ஜன்னல் வழியாகப் படமெடுக்கலாம். இறங்கிப் போய் எடுக்க வேண்டாம்.

மழைக்காலத்தில், அதாவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, இந்தச் சாலையை நினைக்கவே வேண்டாம். 2023 ஜனவரியில் எல்லி புயலின் எச்சம் கொண்டுவந்த வெள்ளம், தெற்கே தார்ச்சாலையில் இருந்த ஃபிட்ஸ்ராய் கிராசிங் பாலத்தையே உடைத்துவிட்டது. ‘சாலை மூடல்’ பலகையைத் தாண்டி ஓட்டினால் அபராதம் உண்டு. ஈர மண்ணில் நீங்கள் போடும் பள்ளம் காய்ந்து அந்தப் பருவம் முழுக்க மற்றவர்களை வதைக்கும்.

எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போவது

கேரவனை விட்டுவிட்டுப் போவதைத் தோல்வியாக நினைக்கிறார்கள் சிலர். எனக்கு இது புரிவதே இல்லை. மிட்செல் அருவிக்குப் போகும் வழி கிப் ரிவர் சாலையைவிடக் கொடூரம். விவரம் தெரிந்தவர்கள் கேரவனை டிரைஸ்டேல் ரிவர் பண்ணையில் நிறுத்திவிட்டுக் கூடாரத்தோடு போய்வருகிறார்கள். பர்னுலுலு தேசியப் பூங்காவுக்கு நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் 53 கிலோமீட்டர் தடத்தில், மண்பாதைக்கென்றே கட்டிய ஒற்றை அச்சு இழுவண்டிகளுக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் நெடுஞ்சாலை ஓரத்து முகாமிலேயே கேரவனை விட்டுப் போக வேண்டும்.

இருவரில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பது

இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். கணவர்தான் ஓட்டுவார், அவர்தான் கேரவனை மாட்டுவார், அவருக்கே சாட்டிலைட் போன் தெரியும். மனைவி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். நாற்பது ஆண்டு இல்லறத்தில் தானாகவே அமைந்துவிட்ட வேலைப் பங்கீடு. அறுபத்தெட்டு வயதில் அவருக்கு நெஞ்சு வலி வந்தால், கேரவனைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு போக அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கிளம்புமுன் இருவரும் மாட்டிக் கழற்றிப் பழகுங்கள், இருவரும் ஓட்டுங்கள், இருவரும் ஒரு தரம் சாட்டிலைட் போனில் பேசிப் பாருங்கள். விமானத்தில் வந்து உதவும் பறக்கும் மருத்துவர் சேவையின் எண்ணைத் தாளில் எழுதி வண்டியில் ஒட்டுங்கள். கைபேசிக் கோபுரம் வழியில் பெரும்பாலும் கிடையாது.

வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யு.எச்.எஃப் வானொலியில் லாரிக்காரர்கள் பேசுவது 40ஆம் சேனலில், கேரவன்காரர்களுக்கு வழக்கமானது 18. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரோட் டிரெய்ன் (பல இழுவண்டிகளைக் கோத்த நீள லாரி) வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். கைவானொலி இரண்டு இருந்தால் முகாமில் பின்னோக்கி நிறுத்தும்போது நடக்கும் சண்டையும் குறையும். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்கவே கூடாது. தேடுபவர்களுக்கு வானத்திலிருந்து மனிதரைவிட வண்டிதான் எளிதாகத் தெரியும்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். கேரவன் இழுத்தால் டீசல் செலவு வெகுவாகக் கூடும். அடுத்த ரோட்ஹவுஸ் திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டுவிடுங்கள். பக்கத்து நார்தர்ன் டெரிட்டரி ஆட்சிப்பகுதியிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் போன்றவற்றைப் பிடுங்கிக்கொள்வார்கள்; கறிவேப்பிலைக் கொத்தும் போய்விடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தாளில் மண்சாலை அடங்குமா, பழுதானால் இழுத்துவரும் கூலிக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வையுங்கள். வாடகைக் கேரவன் என்றால் ஒப்பந்தத்திலேயே மண்சாலைக்குத் தடை இருக்கக்கூடும்.