பழைய காரில் இன்ஜின் சூடாகிறதா? பொருளை மாற்றும் முன் இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பழைய கார் சூடாகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள், அதில் சரியாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு), அப்புறம் வாட்டர் பம்ப், கடைசியில் இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டையே திறந்துவிடுவார்கள். இவ்வளவுக்கும் நடுவில் "வண்டி எப்போது சூடாகிறது?" என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு இதுதான், ஏனென்றால் பாதி பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

சிக்னலில், டிராஃபிக்கில் நின்றால் டெம்ப்ரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது என்றால் சந்தேகம் முதலில் ஃபேன் மேல் போக வேண்டும். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் வந்துவிடும், நிற்கும்போது ஃபேன் மட்டும்தான் கதி. இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் சாதாரணமாக இருக்கிறது, ஹைவேயில் 80க்கு மேல் போனாலோ கொல்லிமலை மாதிரி ஏற்றத்திலோ சூடாகிறது என்றால், காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீர் ஓட்டம்தான் போதவில்லை என்று அர்த்தம். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், பம்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகலாம். காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே, இன்ஜின் இன்னும் சரியாகச் சூடேறாத நிலையிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அது வேறு கதை, அதற்குக் கீழே வருகிறேன்.

ஃபேன் சுற்றவில்லை என்றதும் அதற்கு இக்னிஷனிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்துவிடும் பழக்கம் இருக்கிறது, இல்லாவிட்டால் டேஷ்போர்டில் தனியாக ஒரு சுவிட்ச். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர இது சரி. நிரந்தரமாக விட்டால் நாள் முழுக்கச் சுற்றி மோட்டார் தேயும், சுவிட்சைப் போட மறந்தால் இன்ஜின் போகும், எது பழுது என்பது கடைசிவரை தெரியாமலே போகும். கார்புரேட்டர் காலத்து மாருதி 800, ஆம்னி போன்றவற்றில் சோதிப்பது எளிது. சூடு ஏறியதும் ரேடியேட்டர் ஃபேனை ஆன் செய்யும் தெர்மோ சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி, இக்னிஷன் ஆனில் ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போயிருக்கிறது, சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் பக்கம் தேட வேண்டும். சுற்றத் தொடங்கும்போது கை எதிரே இருக்கக்கூடாது. கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ஃபேனை ஆன் செய்வது பெரும்பாலும் கம்ப்யூட்டர் என்பதால் இந்தச் சோதனையை அங்கே செய்யாதீர்கள்.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைத்து, கிடைத்ததை எடுத்துப் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பிரஷர் குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. 0.9 பார் என்று மேலே போட்டிருக்கும் மூடி அந்த அழுத்தம்வரை தாங்கினால், வெறும் தண்ணீர்கூட கிட்டத்தட்ட 118 டிகிரிவரை கொதிக்காது. ரப்பர் வெடித்து அல்லது ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து, வெளியே தள்ளிவிடும்.

அந்த மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது பலர் கண்ணில் படுவதே இல்லை. நடுவில் காசு அளவில் ஒரு சின்ன வால்வு தொங்கும். இன்ஜின் ஆறும்போது அது திறந்து, பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் டப்பாவுக்குப் போன கூலண்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) திரும்ப ரேடியேட்டருக்குள் இழுக்க வேண்டும். அது ஒட்டிக்கொண்டால், அல்லது டப்பாவுக்குப் போகும் மெல்லிய ட்யூபில் ஓட்டை இருந்தால், கூலண்ட் திரும்பி வராது. டப்பா நிறைய இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். டப்பாவை மட்டும் பார்த்து "லெவல் சரியாகத்தான் இருக்கு" என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். காலையில் வண்டி முழுதாக ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, கூலண்ட் கழுத்துவரை நிற்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் தொடவே தொடாதீர்கள், துணி போட்டுத் திறக்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். அழுத்தம் விடுபட்ட நொடியில் உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

"நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு?" என்று போர் தண்ணீரை ஊற்றுவார்கள். உறையாமல் இருப்பதற்காக மட்டும் கூலண்ட் இல்லை. அலுமினிய ஹெட் அரிக்காமல் காப்பது, பம்ப் சீல் காய்ந்து தேயாமல் பார்த்துக்கொள்வது, கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவது எல்லாம் அதன் வேலை. போர் தண்ணீர் வாளியின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். பாட்டிலில் கான்சன்ட்ரேட் என்று இருந்தால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும், ரெடி மிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். கலக்காமல் கெட்டியாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், வெப்பத்தைக் கடத்துவதில் கூலண்டில் இருக்கும் கிளைகாலைவிடத் தண்ணீர்தான் மேல். பச்சையோடு சிவப்பு சேருமா என்று நிறத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது, நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சந்தேகமாக இருந்தால் மொத்தமாக வடித்து, அலசி, ஒரே வகையை ஊற்றுங்கள். வடித்ததைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும்.

ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடுவதும் இந்த வகைதான். நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் செய்யலாம், ஆனால் அது ஓட்டையை மட்டும் தேடிப்போய் அடைக்காது, ரேடியேட்டர் குழாய்களிலும் ஹீட்டர் கோரிலும் போய்ப் படியும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதை மெக்கானிக்குகளே சிபாரிசு செய்வதால் பலரும் நம்பிவிடுகிறார்கள். பழைய மாருதிகளில் அது 82 டிகிரி பக்கத்தில் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அதைக் கழற்றினால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றும், சூடு இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் கழற்றி, பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரையும் போட்டு எப்போது திறக்கிறது என்று பாருங்கள். விலை அதிகமில்லை, திறக்காவிட்டால் புதியது வாங்கிப் போட்டுவிடலாம்.

டெம்ப்ரேச்சர் முள்ளைக் கண்ணை மூடி நம்புவதும் ஆபத்து. சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் கொட்டிவிட்டால் சில நேரம் முள் கீழே இறங்கும், ஓட்டுபவரும் சரியாகிவிட்டது என்று மிதிப்பார். ஏறிய முள் திடீரென்று விழுந்தால் உடனே ஓரங்கட்டுங்கள்.

அப்புறம் ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு. எங்கும் ஒழுகல் இல்லை, ஆனாலும் கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது என்றால் "ஆவியாகியிருக்கும்" என்று ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள், குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் அழுத்தம் தண்ணீருக்குள் கசிகிறது. மேல் ஹோஸ் சீக்கிரமே கல்லாவதும் இதனால்தான். ஆனால் அப்போதுதான் கூலண்ட் மாற்றியிருந்தால் உள்ளே மாட்டிய காற்றும் குமிழியாக வரும், அது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல ஹெட்டைக் கழற்றியவர்கள் உண்டு. சூடேறிய பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் பால் கலந்த மாதிரி படிவு, ஸ்பார்க் ப்ளக்குகளில் ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தம் என்று இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்து வந்தால் ஹெட்டைத் திறக்கலாம். திறந்த பிறகு கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடக்கூடாது. நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜால் வளைவு பார்த்து, தேவை என்றால் ஃபேசிங் (மெஷினில் தேய்த்துச் சமப்படுத்துவது) செய்துதான் போட வேண்டும், இல்லாவிட்டால் புது கேஸ்கெட்டும் சீக்கிரமே போகும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை ஆஃப் செய்து, ஜன்னலைத் திறந்து, ஹீட்டரை முழுசாக வையுங்கள், அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கொதிக்கும் இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம், அதனால் தானாக ஆறவிடுங்கள்.

எதைச் சரிசெய்திருந்தாலும் டப்பாவில் லெவலை மார்க்கரால் கோடு போட்டுவைத்து, ஒரு வாரம் தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். ரேடியேட்டர் மூடியையும் இரண்டு முறையாவது திறந்து பாருங்கள். கோடு அப்படியே இருந்து, ரேடியேட்டரும் கழுத்துவரை நிறைந்திருந்தால் அதன்பிறகு வெளியூருக்கு எடுத்துப் போகலாம்.