வலப்பக்கம் வளைந்த பந்து

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான்கு வார இறுதிகள் என் கோல்ஃப் பந்தின் வளைவைத் திருத்தவே போயின. டிரைவரால், அதாவது தொலைவுக்கு அடிக்கும் நீண்ட மட்டையால், அடித்த பந்தெல்லாம் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் விழுந்தது. நான் வலக்கை ஆட்டக்காரன். முதலில் வடகிழக்குக் காற்றைக் குற்றம் சொன்னேன். காற்றே இல்லாத விடியலிலும் அதே வளைவு. இடப்பக்கம் குறிவைத்து நின்றேன். வளைவு கூடியதுதான் மிச்சம். பிடியை மாற்றினேன், பந்து நேராக இடப்பக்கம் ஓடியது. கைகளை இடம் மாற்றிப் பிடித்தே 1963 நேட்டால் ஓபன் கோல்ஃப் போட்டியை வென்ற ஆட்டக்காரர் பாப்வா செவ்கோலமின் ஊரில் பிடியைக் குறை சொன்னேன், பாருங்கள்!

"தம்பி, பந்து விழுவதை விடு, புறப்படுவதைப் பார்" என்றார் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பெரியவர் ஒருவர். பார்த்தேன். இலக்குக்குச் சற்று இடப்பக்கம் புறப்பட்டு, பிறகே வலப்பக்கம் திரும்பியது. புறப்படும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகமே தீர்மானிக்கிறது. ஆக, முகம் ஏற்கெனவே இடப்பக்கம் பார்க்கிறது. மட்டை வரும் பாதையோ அதைவிட இடப்பக்கம். இரண்டுக்கும் உள்ள அந்தக் கோண வித்தியாசம்தான் வளைவு.

பாதை ஏன் சாய்ந்தது? பந்தைத் தாங்கும் சிறு முளையான டீயை இடது கால் விரல்களுக்கு நேராக, மிக முன்னால் குத்தியிருந்தேன். அதை எட்டத் தோள்கள் இடப்பக்கம் திறந்துகொண்டன. டீயைக் குதிகாலின் உட்புறத்துக்கு நேராக நகர்த்தினேன். பந்துக்கு ஒரு சாண் பின்னால், எனக்கு எதிர்ப்புறமாக, காலி அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தேன். மட்டை வெளியிலிருந்து வெட்டி வந்தால் பெட்டி பறக்கும். ஆறு முறை பறந்தது. ஏழாவது பந்து கொஞ்சம் வலப்பக்கம் புறப்பட்டு, மெல்ல உள்ளே திரும்பி, புல்வெளியின் நடுவில் விழுந்தது.