வேலூர் மலைக்கோட்டைக்கு ஏறச் செல்வோருக்கு

வேலூரைப் பற்றி இப்பகுதியில் ஒரு பழைய கேலி உண்டு: அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு, மரமில்லா மலை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் மீண்டும் இலிங்கம் நிறுவப்பட்டு வழிபாடு தொடங்கியதால் இரண்டாவது பொய்யாகிவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது மூன்றாவதும் சற்று நாணியிருக்கும். நான்காவதை மட்டும் மலைக்கோட்டைக்குச் செல்பவர்கள் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இந்தப் பயணத்தின் ஏற்பாடுகள் அனைத்தும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே அமைகின்றன.

நகரத்தின் கிழக்கே வரிசையாக நிற்கும் குன்றுகளில் சாஜ்ரா, கோஜ்ரா, முர்தசாகர் என்னும் மூன்று மலைக்கோட்டைகளின் எச்சங்கள் உள்ளன. வருகிறவர்களில் பெரும்பாலோர் அகழி சூழ்ந்த கீழ்க்கோட்டையைப் பார்த்துவிட்டு, மேலே தெரியும் மதில்களை நிமிர்ந்து பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். கீழ்க்கோட்டையின் பலமும் பலவீனமும் இந்தக் குன்றுகளிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். எத்தனை அகலமான அகழியை வெட்டினாலும், மேலேயுள்ள குன்றில் பீரங்கியை ஏற்றிவிட்டவனுக்குக் கோட்டையின் உட்புறம் முழுவதும் திறந்தே கிடக்கும். 1677இல் தொடங்கி ஓராண்டுக்கும் மேல் நீடித்த முற்றுகையின் முடிவில் மராத்தியர் வேலூரைக் கைப்பற்றினார்கள். சாஜ்ரா, கோஜ்ரா என்ற பெயர்களில் மலைக்கோட்டைகளைக் கட்டுவித்தவர் சிவாஜி என்பது மராத்தியக் குறிப்புகள் சொல்லும் செய்தி. நூறாண்டு கழித்து, 1780-81இல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரிடம் இருந்த வேலூரை வளைத்தபோது, அதுவும் மலைக்கோட்டையைப் பிடிக்கவே பெரிதும் முயன்று தோற்றது.

எனவே முதல் நாள் மாலையைக் கீழ்க்கோட்டைக்கு ஒதுக்குவது நல்லது. காட்பாடி சந்திப்பில் இறங்கினால் நகரப் பேருந்திலோ ஆட்டோவிலோ எளிதாக வந்துவிடலாம். கோட்டை பழைய பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. மதிலின் கிழக்குப் பக்கத்தில் நின்று குன்றுகளை நிதானமாகப் பாருங்கள். மறுநாள் ஏறவிருக்கும் சரிவு எது, மதில் எங்கே தொடங்குகிறது, பாறை எங்கே செங்குத்தாக நிற்கிறது என்பதையெல்லாம் அங்கிருந்தே ஓரளவு கணித்துக்கொள்ளலாம்.

ஏறுவதற்கு ஏற்ற காலம் மார்கழி, தை மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல் இன்னும் முழுவதும் காயாதிருக்கும் காலம் அது. பங்குனிக்குப் பிறகு வேண்டாம்; அக்கினி நட்சத்திரத்தில் இந்த ஊர்ப் பாறையில் கை வைக்கவே முடியாது. மழைக்காலத்தில் பாறையின் மீது படரும் பாசி, வெயிலைவிட ஆபத்தானது.

நாளின் நேரத்தைப் பொறுத்தவரை இந்த மலைக்கென்று ஒரு வசதி இருக்கிறது. குன்றுகள் நகரத்துக்குக் கிழக்கே இருப்பதால், ஊர்ப்பக்கமாக ஏறுகிறவருக்குக் காலையில் மலையே நிழல் தருகிறது. விடிந்தவுடன் அடிவாரத்தில் இருந்தால், வெயில் உச்சியைத் தாண்டி மேற்குச் சரிவில் விழுவதற்குள் பெரும்பகுதியை ஏறிவிடலாம். மேலே சென்றதும் சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, எதிரே கீழ்க்கோட்டையும் அகழியும் தெளிவாகத் தெரியும். மாலையில் நிலைமை தலைகீழ்: நாள் முழுதும் காய்ந்த பாறை, முகத்தில் அடிக்கும் வெயில், இறங்கும்போது இருட்டு. முதன்முறை நான் சாவகாசமாகச் சிற்றுண்டி முடித்து ஒன்பது மணிக்கு மேல் கிளம்பி, பாதி மலையில் தண்ணீர் தீர்ந்து திரும்பியவன் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மேலே பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கியிருந்தாலும் அது குடிப்பதற்கு உரியதன்று. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணியும் முழுக்கால் உடையும் வேண்டும், ஏனெனில் மரத்துக்குப் பஞ்சமான இந்த மலையில் முள்ளுக்குப் பஞ்சமில்லை. கல் இடுக்குகளில் விரியன் பாம்புகள் ஒதுங்கும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை ஊன்றக் கூடாது. பாறை விளிம்பில் மலைத்தேனீக் கூடு தென்பட்டால் ஓசையின்றி விலகிவிடுங்கள். தீக்குச்சியும் பீடியும் மலைக்கு வரவே கூடாது.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் நேர்ந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் தமிழ்நாட்டில் கடுமையாக்கப்பட்டன. ஆகவே புறப்படுவதற்கு முன்பே வேலூரில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி தேவையெனில் பெற்றுக்கொள்ளுங்கள். அப்படியே திருவண்ணாமலை மாவட்டத்தில், சம்புவராய மன்னர்களின் தலைநகராயிருந்த படைவீட்டின் இராசகம்பீரன் மலைக்கும் செல்ல நினைப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் செலுத்த வேண்டும், அது ஜவ்வாது மலையை ஒட்டிய காடு. வழிகாட்டி இல்லாமல் போகும் இடமன்று.

வழியைப் பொறுத்தவரை கைப்பேசி வரைபடத்தைவிட அடிவாரத் தெருக்களில் வசிப்பவர்களை நம்பலாம். ஆடு மேய்ப்பவர்கள் நடக்கும் தடத்தை விட்டு விலகாமல் செல்லுங்கள். குறுக்கு வழி போலத் தோன்றுவது பெரும்பாலும் வழுக்குப் பாறையில்தான் போய் முடியும்.

மேலே சென்றதும் படம் எடுக்கும் அவசரத்தில் ஒரு செய்தியைத் தவற விடாதீர்கள். மதில் நேர்கோட்டில் செல்வதில்லை. இயற்கையான பாறை செங்குத்தாக இருக்கும் இடத்தில் அதையே சுவராகக் கொண்டு, சரிவு எளிதாகும் இடத்தில் மட்டும் கல்லடுக்கி, பார்வை விரியும் முனைகளில் கொத்தளம் வைப்பதே மலைக்கோட்டை கட்டுவோரின் முறை. அதை மனத்தில் வைத்து மதிலை ஒட்டி நடந்தால், அவர்கள் எந்தத் திசையிலிருந்து எதிரியை எதிர்பார்த்தார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். கிழக்கே ஆற்காட்டுத் திசை விரிகிறது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்ப் புரட்சியை அடக்க ஆங்கிலேயக் குதிரைப்படை விரைந்து வந்தது அந்தத் திசையிலிருந்துதான். இடிந்த சுவர்களின் மேல் ஏறி நிற்பதையும், அவற்றில் பெயர் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். முதலாவது உங்களுக்குக் கேடு, இரண்டாவது கோட்டைக்கு.

வழுக்கி விழுவது ஏறும்போது அல்ல, பெரும்பாலும் இறங்கும்போதுதான். பாறையின் மேல் சிதறிக் கிடக்கும் சரளை காலுக்கடியில் உருளும் என்பதால், உடலைப் பின்னுக்குச் சாய்க்காமல் முழங்காலைச் சற்று மடித்து, சிறு சிறு அடிகளாக வைத்து இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் உட்கார்ந்து இறங்குவதில் வெட்கம் இல்லை. காலையில் ஏறுவதற்கு முன் அடிவாரத் தேநீர்க் கடைக்காரரிடம் எத்தனை பேர் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பீர்களானால், திரும்பியதும் அவரிடமே ஒரு தேநீர் வாங்கிக் குடித்து, எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.