இழைகளை ஒப்பிடத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

கம்பளி வெப்பம் தரும், பருத்தி குளிர்ச்சி தரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மெல்லிய கம்பளித் துணியைவிடத் தடித்த பருத்திப் போர்வை அதிக வெதுவெதுப்பைத் தரக்கூடும் என்பதால், துணியை ஒப்பிடுவது வேறு, இழையை ஒப்பிடுவது வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கலப்பில்லாத துணிகளாகத் தேர்ந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே தடிமனுள்ள சில நூல்களை உருவி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் இழைகளின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டும் என்பது என் கருத்து. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், தன் உலர் எடையில் பருத்தி ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதமும், பட்டு 11 சதவீதம் அளவிலும், கம்பளி 14 முதல் 18 சதவீதம் வரையிலும் ஈரத்தை ஏற்கின்றன. நைலான் 4 சதவீதத்தை ஒட்டி நிற்க, பாலியெஸ்டரோ 0.4 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. இருந்தும் கம்பளியின்மேல் ஒரு துளி நீரை விட்டால், அது பெரும்பாலும் முத்துப்போல் உருண்டு நிற்கும். இதைக் கண்டு கம்பளி ஈரத்தை ஏற்காது என்று முடிவு செய்வது தவறு. அதன் மேற்புறச் செதில்கள் நீர்த்துளியை விலக்கினாலும், உட்பகுதி நீராவியை ஏற்றுக்கொண்டு, ஏற்கும்போதே சிறிது வெப்பத்தையும் வெளியிடுகிறது. பாலியெஸ்டர் துணியில் துளி விரைந்து பரவினால், இழைகளின் இடைவெளி வழியாக நீர் ஓடுகிறதே தவிர, இழை அதைக் குடிப்பதில்லை.

அடுத்து, ஒவ்வொரு நூலையும் உலர்ந்த நிலையிலும் நன்கு நனைத்த பிறகும் சீராக இழுத்துப் பாருங்கள். நனைந்த பருத்தி முன்னைவிட உறுதியாகும். கம்பளி சற்றுத் தளரும். மரக்கூழிலிருந்து தயாரிக்கப்படும் இழையான விஸ்கோஸ் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். பருத்தியும் விஸ்கோஸும் தாவரங்களின் நார்ப்பொருளான செல்லுலோஸால் ஆனவையே என்றாலும், விஸ்கோஸ் தயாரிப்பில் அந்த மூலக்கூறுச் சங்கிலிகள் குட்டையாகி ஒழுங்கும் குறைவதால், நீர் எளிதில் உள்ளே புகுந்து அவற்றின் பிணைப்பைத் தளர்த்துகிறது.

நீட்சியில் கம்பளி இழை அறுவதற்கு முன் 30 சதவீதம் அளவுக்கு நீளும். பருத்தி 5 முதல் 10 சதவீதம், ஆளிச்செடியின் நாரான லினன் 2 முதல் 3 சதவீதம் மட்டுமே. துணியைக் கைக்குள் கசக்கிச் சற்று நேரம் கழித்து விட்டால், லினனில் மடிப்பு தங்குவதும் கம்பளியில் அது மெல்ல மறைவதும் தெரியும்.

எரித்துப் பார்க்கும் சோதனையை இறுதியில், இடுக்கியால் பிடித்த ஓரிரு நூல்களில், உலோகத் தட்டின்மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு மட்டுமே செய்யுங்கள். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, நொறுங்கும் கரியை விடும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். பருத்தி, லினன், விஸ்கோஸ் மூன்றும் காகிதம்போலவே எரிவதால் அவற்றைத் தீ பிரித்துக் காட்டாது. அங்கே விஸ்கோஸை இனங்காண நனைத்து இழுத்த சோதனையையும், பருத்தியையும் லினனையும் பிரித்தறிய நீட்சியையுமே நம்ப வேண்டும்.