மூன்று நாள் சிங்கப்பூர்: சாப்பாட்டு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூருக்கு மூன்று நாள் போய்வந்தவர்களிடம் அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "தோசை நன்றாகவே கிடைத்தது" என்பவர்கள் நிறையப் பேர். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சீனர், மலாய்க்காரர், பெரனாக்கன் எனும் சீன-மலாய்க் கலப்பு மரபினர், தமிழர் என இத்தனை வீட்டு அடுப்புகள் ஒரே கூரைக்குக் கீழே எரியும் இடத்தில், நம் ஊரில் தின்றதையே தின்றுவிட்டுத் திரும்பலாமா?

அந்தக் கூரைக்குப் பெயர் உணவங்காடி நிலையம். தீவு முழுவதும் 110-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. தெருவோரத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களை அரசு 1968-இல் பதிவுசெய்யத் தொடங்கியது. குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள கட்டடங்களுக்கு அவர்களை இடம் மாற்றி முடிக்க 1986 ஆகிவிட்டது. 2020-இல் இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே ஒரு கடை என்றால் ஒன்றிரண்டு பண்டங்கள்தான். பல வருடங்களாக அதையே செய்து பழகிய கைகளை இங்கே பார்க்கலாம்.

முதல் தவறு, கைப்பேசியில் ஒரு பட்டியலோடு இறங்குவது. 2016-இல் மிஷலின் வழிகாட்டி இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்ததிலிருந்து, பெயர்பெற்ற கடைகளின் வாசலில் வெளியூர்க்காரர்களின் வரிசை நீண்டுவிட்டது. வரிசையில் ஒரு மணி நேரம், அடுத்த கடைக்கு ரயிலில் முக்கால் மணி நேரம் என்று போனால் மூன்று நாளில் மிஞ்சுவது கால்வலிதான். அதைவிட, தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலையம், குடியிருப்புப் பேட்டைக்குள் ஒரு நிலையம் என்று இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். பேட்டைக்கு தோ பாயோ பக்கம் போகலாம். உள்ளே நுழைந்ததும் எதையும் வாங்காமல் ஒரு சுற்று நடந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது தவறுதான் பெரியது. பண்டத்தை நினைவில் வைப்பவர்கள் அதன் பொழுதை மறந்துவிடுகிறார்கள். நான் முதல்முறை போனபோது, நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்ட ஒரு கடைக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர் மதியத்தோடு முடித்துக்கொள்வதில் என்ன தப்பு? காலையில் கயா டோஸ்ட் (கயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த இனிப்பு ஜாம்), நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி பராட்டா. மதியத்தில் சோறும் நூடுல்ஸும். சத்தே, அதாவது குச்சியில் செருகி வாட்டிய இறைச்சி, தின்ன இருட்ட வேண்டும். லாவ் பா சாட் என்ற பழைய சந்தைக் கட்டடத்தை ஒட்டிய பூன் டாட் தெருவை மாலையில் அடைத்து, மேசை போட்டுக் கரியில் வாட்டத் தொடங்குவார்கள். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகள் ஏராளம். அலுவலகப் பகுதி நிலையங்களில் சனி, ஞாயிறு பாதிக் கதவுகள் மூடியிருக்கும். வேலை நாட்களில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை உட்கார இடம் கிடைக்காது. சில மாதங்களுக்கு ஒருமுறை துப்புரவுக்காக முழு நிலையத்தையும் மூடுவார்கள். அந்தத் தேதிகள் முன்கூட்டியே இணையத்தில் இருக்கும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் பிடிப்பதிலும் ஒரு வழக்கம் உண்டு. காலியான மேசைமேல் பிரிக்காத டிஷ்யூ பாக்கெட் ஒன்று கிடந்தால், யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அங்கே ஆள் வந்துவிட்டார், சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

நிறத்தைப் பார்த்து ருசியை முடிவுசெய்வதும் நம்மவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். ஹைனானிய சிக்கன் ரைஸ் தட்டு வந்ததும் முகம் சுருங்கும்: வெளுத்த கோழி, வெளுத்த சோறு, மசாலா எங்கே? கோழியை முதலில் தொடாதீர்கள். சோற்றை மட்டும் ஒரு வாய் எடுத்துப் பாருங்கள். கோழிக் கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, கோழி வேகவைத்த சாற்றிலேயே வடித்த சோறு அது. பருக்கைகள் ஒட்டாமல் மினுங்கும், ரம்பை இலை வாசம் வரும். கொதிக்காத சூட்டில் வெந்த கோழியை உடனே ஐஸ் தண்ணீரில் முக்குவதால்தான் தோலுக்கும் சதைக்கும் நடுவே கூழ் போன்ற மெல்லிய படலம் நிற்கிறது. ஆறிப்போன கோழியைக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், அதன் பதமே அதுதான். பக்கத்தில் இருக்கும் மிளகாய்ச் சாற்றையும் இஞ்சி விழுதையும் கோழியில் தொட்டுக்கொள்ளுங்கள்.

"ஒரு காப்பி" என்று மட்டும் கேட்பது அடுத்த தவறு. டின் பால் கெட்டியாக ஊற்றிய இனிப்புக் காப்பி வந்து நிற்கும். பால் வேண்டாம் என்றால் "கோப்பி ஓ". அதில் சர்க்கரை இருக்கும். சர்க்கரையும் வேண்டாம் என்றால் "கோப்பி ஓ கோசோங்". குறைவான இனிப்புக்கு "சியூ தாய்", ஐஸ் போட "பெங்". கோசோங் மலாய், பெங் ஹொக்கியன் என்ற சீன மொழி. ஒரு டம்ளருக்குள் இரண்டு மொழி! கடைக்காரர் நீண்ட துணிப் பையில் காப்பித் தூளைப் போட்டு, உயரத் தூக்கி ஊற்றுவதை ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம்; யாரும் விரட்ட மாட்டார்கள்.

நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. போய், நம் ஊரில் கிடைக்காததைச் சாப்பிடுங்கள். மீன் தலைக் கறி கேரளத்துச் சமையற்காரர் ஒருவர் சிங்கப்பூரில் உருவாக்கியது என்பார்கள். மீன் தலையைச் சீனர்கள் விரும்பி உண்பதைப் பார்த்துப் புளியும் மசாலாவும் கூட்டி முழுத் தலையை இறக்கிய கறி. மீ கோரிங்கும் அப்படித்தான்: சீன நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம் கை வதக்கிச் சிவப்பாக்கியது.

சைவம் உண்பவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. கீரை வதக்கலில் இறால் விழுது இருக்கும், காய்கறியில் சிப்பிச் சாறு இருக்கும், சூப் எலும்புச் சாறாக இருக்கும். சீன பௌத்த சைவக் கடைகளைத் தேடுங்கள். பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. ஹலால் பார்ப்பவர்கள் கடையில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

நண்டுக்கு உட்காரும் முன் விலை கேளுங்கள். மிளகாய் நண்டு எடைக்கணக்கு. ஒரு கடையில் எடையைக் கேட்காமல் தலையாட்டிவிட்டு, இரண்டு நாள் சாப்பாட்டுக் காசை ஒரு வேளையில் கொடுத்தோம். மேசைமேல் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் பல உணவகங்களில் காசு உண்டு, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் 9 சதவீத வரியும் தனியாக ஏறும். உணவங்காடியில் அந்தத் தொல்லை இல்லை. சில்லறை வெள்ளி மட்டும் கையில் இருக்கட்டும். டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள்.

சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுந்துவிடாதீர்கள். 2021 முதல் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், கலக்கக் கூடாது. எம்ஆர்டி ரயிலில் தின்றாலோ தண்ணீர் குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. டுரியான் பழத்தை உள்ளே கொண்டுபோகவே கூடாது, வாங்கிய இடத்திலேயே தின்று முடியுங்கள்.

வீட்டுக்குக் கயா பாட்டில் வாங்கினால் பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.